இரவல் வாய்

ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்,
மத்தியானம் சோத்துப் பார்சல்,
பஸ் காசு வேறை.
அதற்கு நான் பாஸ்டர் ஹானின் வாய்.

கொரிய மொழியில் நினைத்து
ஆங்கிலத்தில் தடுமாறி அவர் சொல்வதை
நெல்லியடி ரியூட்டரியில் படித்த காதால் பிடித்து
தமிழில் இறக்கிவைப்பேன்.
அவருடைய இங்கிலீசும் இரவல், என்னுடையதும் இரவல்.
இரண்டுக்கும் நடுவில் ஆண்டவர்
எப்படியோ வழி கண்டுபிடித்து வந்தார்.
சில ஞாயிறுகளில் வராமலும் விட்டார்.

'கிருபை' என்று நான் சொல்லும்போதெல்லாம்
பின்வாங்கில் இரண்டு பெட்டையள் சிரிப்பார்கள்.
ஒருத்தியின் பெயர் கிருபாலினி.

வறுத்தலைவிளான்.
அந்த ஊர்ப்பெயரைச் சொல்ல
அவருக்கு ஒரு மாதம் எடுத்தது.
பாதியில் நின்று தண்ணீர் குடிப்பார்.
கம்பிவேலிக்குள் இருபது வருடத்துக்கு மேல் கிடந்து
திரும்பக் கிடைத்த கோயில்:
ஓடில்லை, யன்னலில்லை,
பீடத்தடியில் வேம்பொன்று முளைத்து
ஆளுயரம் தாண்டி நின்றது.
வெட்டுவோமா என்று மூப்பர் கேட்க
பாஸ்டர் தலையை ஆட்டினார்.
ஓம் என்றா, வேண்டாம் என்றா,
கொரியத் தலையாட்டலுக்கு எனக்குத் தமிழ் தெரியாது.
மரம் இன்னும் நிற்கிறது.

வாலிபர் முகாம், மூன்றாம் நாள்.
சோழகம் புதுத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
முப்பத்தொரு பிள்ளையள்.
ஆளுக்கொரு துண்டுத் தாள், ஒரு பென்சில்.
நடுவில் மண்ணெண்ணெய் ஊற்றிய இரும்புச் சட்டி.
பாஸ்டர் சொன்னார்:
யாரை மன்னிக்க வேண்டுமோ அந்தப் பெயரை எழுதுங்கள்,
நெருப்பில் போடுவோம்.
அவருடைய ஊரில் இது நல்லாய் வேலை செய்ததாம்.

வாயைத் திறந்தேன்.
முன்வரிசையில் டிலக்சன்.
'கச்சேரியடிக்குப் போட்டு வாறன்' எண்டு
ரெண்டாயிரத்தாறில் சைக்கிள் எடுத்தவன்
அவனுடைய அண்ணன்.
வெள்ளை வானுக்குள் இருந்தவனுக்கு
என்ன பெயரென்று இவன் எழுதுவான்?

என் வாயிலிருந்து வந்தது வேறு:
"ஆருக்காகக் காத்திருக்கிறியளோ
அந்தப் பெயரை எழுதுங்கோ."

பிழை. தெரிந்தே விட்ட பிழை.
கூலிக்கு வாயானவள் விடக்கூடாத பிழை.

பென்சில்கள் ஓடின.
ஒருத்தி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள்.
பாஸ்டர் தீப்பெட்டியை எடுத்தார்.
ஒருவரும் சட்டிக்குக் கிட்டப் போகவில்லை.
தாளைப் பொத்தியபடி இருந்தார்கள்.

ஏன் என்று என்னைப் பார்த்தார்.
டிலக்சனின் தாளை வாங்கி வாசித்தேன்:
அன்ரன் ஜெயரூபன்.

"இவன் உனக்கு என்ன செய்தான்?" என்று கேட்டார்.
அதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

"சைக்கிள் ஓடப் பழக்கினவர்," என்றான் டிலக்சன்.

நான் செய்ததைச் சொல்லவேண்டி வந்தது.
பாஸ்டர் கோபப்பட்டார்,
கொஞ்ச நேரம், தன் மொழியில், வேம்பைப் பார்த்து.
பிறகு தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.
அன்றிரவு அந்தச் சட்டியைத்தான்
மூன்று தரம் கழுவித் தேத்தண்ணி வைத்தோம்.
மணம் போகவில்லை. எல்லோரும் குடித்தோம்.

தாள்களை அவர் எரிக்கவில்லை.
கடற்பாசி வந்த தகரப் பேணியொன்றில் போட்டு
அறையில் வைத்திருந்தார்.
'அ' எழுதப் பழகியது அன்ரனில் என்று
பிறகுதான் சொன்னார்.
'மொ'வும் அவரை உதைத்த 'ழி'யும்
ஓர் அருள்மொழியில்.

விசா முடிந்த கிழமை, கடைசி ஆராதனை.
நான் ஒலிவாங்கிக்குப் போக எழும்ப
இரு என்று கை காட்டினார்.
பேணியைத் திறந்து
ஒவ்வொரு தாளாய் எடுத்து
தானே வாசித்தார். முப்பத்தொன்று.
பின்பக்கம் எழுதியதையும் விடவில்லை.
அருள்மொழி 'அருல்மோரி' ஆனாள்.
அவளுடைய தாய்
அதற்கும் எழும்பி நின்றாள்.

வாசலில் வழமைபோல் உறை தந்தார்கள்.
அன்று நான் ஒரு சொல்லும் பேசவில்லை.
பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன்,
ஆயிரத்தைந்நூறு,
சரியாய்த்தான் இருந்தது.